கிராம்பும் முந்திரி ஓடும்: பல் அடைப்புக்குள் நுழையும் தாவர வேதியியல்

சொத்தையைச் சுரண்டி எடுத்துப் பல்லை அடைத்துவிட்டால், இனி அந்தப் பல்லைப் பற்றிக் கவலையில்லை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். ஆனால் சில ஆண்டுகள் கழித்து, அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கோட்டின் ஓரமாக மறுபடியும் கருமை படர்வதுண்டு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். பழைய அடைப்பைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும். கெட்டுப்போன பகுதியோடு கொஞ்சம் நல்ல பல்லும் சேர்ந்தே போகும். புதிய அடைப்பு முந்தையதைவிடப் பெரிதாக இருக்கும். அதற்கடுத்தது இன்னும் பெரிதாகும். பிறகு ரூட் கேனால், பிறகு கேப், கடைசியில் பல்லையே பிடுங்குவது என்று இந்தப் பாதை கீழ்நோக்கியே போகிறது. பல் மருத்துவர்கள் போடும் அடைப்புகளில் கணிசமான பங்கு, முன்பு போட்டது பழுதானதால் மாற்றிப் போடுபவையே.

இது சிலருக்கு மட்டும் நேரும் தொல்லை என்று ஒதுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, உலகில் சுமார் 200 கோடிப் பேருக்கு நிரந்தரப் பற்களில் சொத்தை இருக்கிறது. சுமார் 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால்பற்களில் சொத்தை. இத்தனை வாய்களுக்குள் போகும் ஒரு பொருள் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. அது கிருமியை அண்டவிடாமல் தடுக்க வேண்டும், உடலுக்கும் மண்ணுக்கும் நீருக்கும் தீங்கு செய்யாமலும் இருக்க வேண்டும். இந்த எல்லாத் தகுதிகளும் கொண்ட பொருளைத் தாவர வேதியியலில் தேடும் ஆய்வுகள் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. அவற்றுள் இரண்டு, நம் சமையலறையில் இருக்கும் கிராம்பையும், பண்ருட்டியில் மலைமலையாகக் குவியும் முந்திரி ஓட்டையும் தொட்டு நிற்பவை.

ஓரத்தில் நடக்கும் போர்

சொத்தையை உண்டாக்குவதில் முதன்மையான கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924இல் பிரிட்டனைச் சேர்ந்த கிளார்க் அதை முதன்முதலில் விவரித்தார். நாம் சாப்பிடும் சர்க்கரையை வைத்து அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளூக்கான் என்ற பிசினாக மாற்றித் தன்னைப் பல்லோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. இன்னொரு பகுதியைச் செரித்து அமிலமாக வெளியேற்றுகிறது. பல்லின் மேற்பரப்பில் கார அமிலக் குறியீடு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுக்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் ஓயாமல் எதையாவது இனிப்பாகக் கொறித்துக்கொண்டிருந்தால் உமிழ்நீருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

அடைத்த பல்லில் இந்தப் போர் அடைப்பின் ஓரத்தில் நடக்கிறது. இன்று பெரும்பாலும் போடப்படும் பல் நிற அடைப்பு, காம்போசிட் எனப்படும் பிளாஸ்டிக் பிசின். கூழாக வைத்து நீல ஒளி காட்டினால் சில விநாடிகளில் இறுகிவிடும். இறுகும்போது அதன் கன அளவு சுமார் 2 முதல் 3 சதவீதம் வரை சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் பல்லோடு இருக்கும் பிணைப்பை இழுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழுந்தால், ஒரு மைக்ரான் பருமன்கூட இல்லாத கிருமிக்கு அது அகலமான வாசல்.

உள்ளே நுழைந்த கிருமிக்கு இன்னொரு ஆயுதமும் இருக்கிறது. காம்போசிட் பிசினின் மூலக்கூறுகளில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. உமிழ்நீரில் உள்ள நொதிகள் அந்தப் பிணைப்பை மெல்ல வெட்டுகின்றன. மியூட்டன்ஸ் கிருமியே அத்தகைய நொதியைச் சுரந்து, பிசினையும் ஒட்டுப்பொருளையும் சிதைக்க வல்லது என்று டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். ஆக, பல்லைக் கரைக்கும் கிருமி அடைப்பையும் அரிக்கிறது.

பாதரசம் விட்டுச் சென்ற இடம்

நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பற்களை அடைத்து வந்தது அமால்கம் என்னும் வெள்ளி நிறக் கலவை. அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, தகரம், செம்பு. அழகில்லாதது, ஆனால் உழைக்கக்கூடியது. வாய்க்குள் அது மெல்ல அரிக்கப்படும்போது உண்டாகும் பொருட்களே ஓர இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பின்பற்களில் அமால்கத்தையும் காம்போசிட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, அமால்கத்தைவிடக் காம்போசிட்டில் மறுசொத்தை விழும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது.

அப்படியிருந்தும் அமால்கத்தைக் கைவிடுவது சரியான முடிவுதான். மருத்துவமனைக் கழிவுநீரிலும் தகன மேடைப் புகையிலும் வெளியேறும் பாதரசம் கடைசியில் நீர்நிலைகளைச் சேர்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீன்களில் சேர்ந்து, மீனை உண்பவரின் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு தலைமுறையே அந்த நஞ்சுக்குப் பலியானது. அந்த ஊரின் பெயரால் 2013இல் உருவான உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பு நாடுகள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து அமால்கத்தைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. 2034க்குள் உலகெங்கும் அதை விலக்குவது என உடன்படிக்கை நாடுகள் 2025 நவம்பரில் ஒப்புக்கொண்டன.

பாதரசம் காலி செய்த இடத்தில் வந்து அமர்ந்திருப்பது காம்போசிட். அதன் முதுகெலும்பான பிஸ்-ஜிஎம்ஏ என்ற மூலக்கூறுக்கு அமெரிக்காவின் ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்றார். அதைத் தயாரிக்கும் மூலப்பொருள்களுள் ஒன்று பிஸ்பினால்-ஏ. உடலின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல நடந்துகொள்ளக்கூடிய வேதிப்பொருள் அது. குழந்தைகளின் பால் புட்டிகளிலிருந்து அதை விலக்கப் பல நாடுகள் சட்டம் போட்டன. அடைப்புப் பிசினில் பிஸ்பினால்-ஏ தனியாகச் சேர்க்கப்படுவதில்லை. ஆனால் தயாரிப்பில் எஞ்சிய மிச்சமாக மிகச் சிறிய அளவில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பல் அடைத்த சில மணி நேரத்துக்கு உமிழ்நீரில் அதன் தடம் தென்படுவதும் உண்டு. அந்த அளவு மிகக் குறைவு, அதற்காக யாரும் அடைப்பை அகற்ற வேண்டியதில்லை. ஆனாலும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் நாளொன்றுக்குத் தாங்கக்கூடிய பிஸ்பினால்-ஏ அளவை 2023இல் முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்து நிர்ணயித்த பிறகு, இதற்கு மாற்று தேடுவது அவசியமான வேலையாகிவிட்டது.

கசியும் மருந்தும் கட்டுண்ட மருந்தும்

அடைப்புப் பொருளில் ஒரு கிருமிக்கொல்லியைக் கலந்துவிட்டால் தீராதா? குளோர்ஹெக்சிடின், வெள்ளித் துகள், அயோடின் என்று பலவற்றைக் கலந்து பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே சிக்கல். கலந்த மருந்து முதல் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அது வெளியேறிய இடமெல்லாம் துளையாகி அடைப்பு பலவீனப்படுகிறது. தேவையில்லாதபோது அளவுக்கு மீறிய மருந்து, தேவைப்படும்போது ஒன்றுமில்லை என்றாகிறது. வெள்ளித் துகள் கூடுதலாக அடைப்பைக் கருக்கவும் செய்யும்.

ஒசாகா பல்கலைக்கழகத்தின் சடோஷி இமசாடோவும் அவருடைய குழுவினரும் 1994இல் வேறொரு வழியைத் திறந்தார்கள். கிருமியைக் கொல்லும் பகுதியையும் பிசினோடு சேரும் பகுதியையும் ஒரே மூலக்கூறாகச் செய்தார்கள். எம்டிபிபி எனப்படும் அந்த மூலக்கூறு, பிசின் இறுகும்போது தானும் அதன் உறுப்பாகிவிடும். வெளியே கசியாது, தன்னைத் தொடும் கிருமியின் சவ்வைக் குலைக்கும். பின்னாளில் அது கிருமித்தடுப்பு ஒட்டுப்பொருளாகச் சந்தைக்கும் வந்தது.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் விளங்கும். இறுகிய பிசின் ஒரு மீன்வலை என்று கொள்ளுங்கள். கலந்துவிடும் மருந்து வலைக்குள் சிக்கிய மீன், எந்நேரமும் நழுவிவிடலாம். இமசாடோவின் மூலக்கூறோ வலையின் முடிச்சுகளில் ஒன்று. தாவர ஆய்வில் இன்று முன்னே செல்பவர்கள் இதைத்தான் செய்ய முயல்கிறார்கள்: செடி தன்னைக் காத்துக்கொள்ள உருவாக்கிய மூலக்கூறை வலையின் முடிச்சாக்குவது.

பல் மருத்துவத்தில் ஏற்கெனவே இருக்கும் மரங்கள்

பல் மருத்துவத்துக்குத் தாவரம் புதிய விருந்தாளி என்று எண்ண வேண்டாம். ரூட் கேனால் செய்தபின் வேர்க்குழாயை நிரப்பும் கட்டா பெர்ச்சா, மலாய்க் காடுகளில் வளரும் மரத்தின் பால். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட்டதும் அதே மரப்பால்தான். காம்போசிட் இறுகுவதற்கு நீல ஒளியை ஏற்று வினையைத் தொடக்கிவைக்கும் காம்பர்குயினோன், கற்பூரத்திலிருந்து பெறப்படுவது. சுமார் 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை அது உறிஞ்சிக்கொள்வதால்தான் பல் மருத்துவரின் விளக்கு நீலமாக இருக்கிறது.

இவற்றிலெல்லாம் மூத்த உறவு கிராம்பு. பல்வலிக்குக் கிராம்பைக் கடித்துக்கொள்ளும் வழக்கத்தின் பின்னே இருப்பது யூஜினால். கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி அதுவே. வலியை மரத்துப்போகச் செய்யும். கிருமியின் சவ்வைக் கிழிக்கும். துத்தநாக ஆக்சைடுத் தூளோடு யூஜினாலைக் குழைத்தால் சிமென்ட் போல இறுகும் என்பதைக் கண்டு, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தற்காலிக அடைப்பாகப் பயன்படுத்தி வருகிறார்கள். பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த மணம் இதனுடையதுதான். ஈரம் படப்பட இந்தச் சிமென்ட் மெல்ல யூஜினாலை விடுவிக்கும். அதனால் கூச்சம் அடங்கும், கிருமியும் ஒடுங்கும்.

ஆனால் நிரந்தர அடைப்பாக அது நிற்காது. வலு போதாது, நாளடைவில் கரையும். இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. யூஜினால் பட்ட இடத்தில் காம்போசிட் சரியாக இறுகாது. பிசின் இறுகும் வினையைத் தனி உறுப்புகள் எனப்படும் வினைத்துடிப்புள்ள துணுக்குகள் முன்னெடுத்துச் செல்கின்றன. யூஜினாலின் வளையத்தில் தொங்கும் ஹைட்ராக்சில் தொகுதி, அந்தத் துணுக்குகளைப் பிடித்து அடக்கிவிடும். உடலுக்குள் யூஜினாலை நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பானாக ஆக்கும் அதே குணம், பிசினுக்குள் அதை இடையூறாக ஆக்குகிறது. காம்போசிட் போடப்போகும் பல்லில் யூஜினால் சிமென்ட்டைத் தவிர்க்கும்படி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

இடையூறே வழியானது

தடையாக நின்ற அந்த ஹைட்ராக்சில் தொகுதியையே கைப்பிடியாக மாற்றினால்? மாட்ரிட்டிலும் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் இருந்த ஆய்வாளர்கள் இதைச் செய்து 2006இல் வெளியிட்டார்கள். யூஜினாலின் ஹைட்ராக்சில் தொகுதியில் மெத்தாக்ரிலேட் என்ற தொகுதியைப் பொருத்தினார்கள். காம்போசிட் பிசின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதும் மெத்தாக்ரிலேட் தொகுதிகளின் வழியாகத்தான். ஆக, ஒரே மாற்றத்தில் இரண்டு பலன்கள் கிடைத்தன. வினையை அடக்கும் முனை மறைந்தது. பிசினோடு கைகோக்கும் முனை முளைத்தது. இப்படிப் பிறந்த யூஜினைல் மெத்தாக்ரிலேட்டைச் சிறு பங்காகச் சேர்த்த பொருட்கள், கிருமி வளர்ச்சியைக் குறைக்கும் குணத்தைச் சோதனைகளில் காட்டின. நீரை வெறுக்கும் குணம் கொண்டதால் அடைப்பு நீரை உறிஞ்சுவதையும் குறைக்க உதவுகிறது.

பங்கைக் கூட்டிக்கொண்டே போனால் கிருமியை மேலும் தடுக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் வேதியியல் கடிவாளம் போடுகிறது. யூஜினாலின் மறுமுனையில் அல்லைல் என்ற தொகுதி இருக்கிறது. அதுவும் தனி உறுப்புகளை ஈர்த்து, வினையின் வேகத்தை மட்டுப்படுத்தும். அளவு மிஞ்சினால் பிசின் அரைகுறையாக இறுகும். அரைகுறையாக இறுகிய பிசினில் கோக்கப்படாத மூலக்கூறுகள் மிஞ்சி, மெல்லக் கசியும். பாதுகாப்பைத் தேடிப் போன வழியிலேயே பாதுகாப்பு கெடும். எவ்வளவு சேர்க்கலாம் என்ற அளவீடுதான் இந்த ஆராய்ச்சியின் உயிர்நாடி.

முந்திரி ஓட்டில் மறைந்திருப்பது

முந்திரிக்கொட்டையை உடைப்பவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டின் வீரியம் தெரியும். பருப்பைச் சுற்றியுள்ள ஓட்டின் தேன்கூடு போன்ற அறைகளில் அடர்ந்த பழுப்பு எண்ணெய் இருக்கிறது. அதன் அளவு ஓட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு. பூச்சியும் விலங்கும் விதையைத் தின்றுவிடாமல் மரம் வைத்திருக்கும் காவல் அது. தோலில் பட்டால் எரிக்கும், கொப்புளம் எழுப்பும், விரல்களைக் கருக்கும். கடலூர் மாவட்டத்திலும் கொல்லத்திலும் முந்திரி உடைக்கும் பெண்கள் பல தலைமுறைகளாகச் சாம்பலும் எண்ணெயும் தடவிக்கொண்டு இந்த வேலையைச் செய்து வந்திருக்கிறார்கள்.

அந்த எண்ணெயின் முதன்மைப் பொருள் அனகார்டிக் அமிலம். பென்சீன் வளையத்தோடு 15 கார்பன் நீளமுள்ள வால் ஒன்று இணைந்த அமைப்பு அதற்கு. வளையப் பகுதி நீரை விரும்பும். வால் கொழுப்பை விரும்பும். இந்த இரட்டைக் குணத்தால் அது கிருமியின் கொழுப்புச் சவ்வுக்குள் வாலை நுழைத்து, அதன் கட்டமைப்பைக் குலைக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இசாவோ குபோவின் குழு 1990களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளில், முந்திரி ஓட்டின் அனகார்டிக் அமிலங்கள் மியூட்டன்ஸ் கிருமிக்கு எதிராக வலுவாக வேலை செய்தன.

எண்ணெயைச் சூடாக்கினால் அனகார்டிக் அமிலம் கார்பன் டைஆக்சைடை இழந்து கார்டனாலாக மாறும். ஆலைகளில் கிடைக்கும் ஓட்டு எண்ணெயின் பெரும்பகுதி இந்தக் கார்டனால்தான். பிரேக் பட்டைகளுக்கும் பெயின்டுகளுக்கும் எபாக்சி இறுக்கிகளுக்கும் அது இன்று பயன்படுகிறது. உணவுப் பயிரின் கழிவிலிருந்து கிடைப்பதால் அதற்காகத் தனியே நிலமோ நீரோ தேவையில்லை.

கார்டனாலும் யூஜினாலைப் போலவே வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதி கொண்ட ஒரு ஃபீனால். ஆகவே கிராம்பில் பலித்த வித்தை இங்கும் பலிக்கும். முந்திரி மரத்தின் தாயகமான பிரேசிலில், அந்நாட்டு முந்திரி விளைச்சலின் மையமான சியாரா மாநிலத்து ஆய்வாளர்கள், ஓட்டு எண்ணெயிலிருந்து புதிய மெத்தாக்ரிலேட் மூலக்கூறு ஒன்றை உருவாக்கி 2018இல் அறிவித்தார்கள். எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் அடுக்கில் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் உண்டு. கூச்சத்தை நரம்புக்குக் கடத்துபவை அவைதான். அந்தக் குழாய்களை அடைக்கும் திறனை இந்தப் புதிய மூலக்கூறில் அவர்கள் சோதித்தார்கள்.

கார்டனாலின் நீண்ட வால் பிசினுக்கு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தரும். நீர் உள்ளே புகுவதைக் குறைக்கும். அதே வால் மிகுந்துவிட்டால் அடைப்பு இளகிவிடும். கடைவாயில் இருக்கும் பல் நாள் முழுவதும் அரைப்பது. இளகிய அடைப்பு அங்கே தாக்குப்பிடிக்காது. கிராம்பைப் போலவே இங்கும் அளவுதான் எல்லாம்.

துவர்ப்பும் மாவும்

அடைப்பின் ஓரத்தைக் காக்கக் கிருமியைத் தடுப்பதோடு, பல்லின் பக்கத்தையும் உறுதிப்படுத்த வேண்டும். டென்டினின் உள்ளே கொலாஜன் என்ற புரத நார்கள் இருக்கின்றன. ஒட்டுப்பொருள் அந்த நார்களுக்குள் ஊடுருவித்தான் பிடித்துக்கொள்கிறது. அமிலச் சூழலில் டென்டினிலேயே உறங்கிக்கிடக்கும் சில நொதிகள் விழித்து, அந்த நார்களை அறுக்கத் தொடங்குகின்றன. சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அனா பெட்ரன்-ருஸ்ஸோவின் குழு, திராட்சை விதையில் உள்ள புரோஆன்தோசயனிடின்கள் கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து உறுதியாக்குவதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. இவை நாக்கில் துவர்ப்பாக உணரப்படும் டானின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆவாரம்பட்டையால் தோலைப் பதனிட்டபோது நடந்ததும் இதே வேதிவினைதான்: டானின் கொலாஜனைப் பிணைத்து, மட்காத தோலாக்கியது.

பிசினின் முதுகெலும்பை மாற்றும் முயற்சிகளும் நடக்கின்றன. மக்காச்சோள மாவின் குளுக்கோஸிலிருந்து ஐசோசார்பைடு என்ற இறுக்கமான வளைய மூலக்கூறைப் பெறலாம். பிஸ்பினால்-ஏ இருக்கும் இடத்தில் இதை வைத்துச் செய்யப்பட்ட பிசினைப் போலந்து ஆய்வாளர்கள் 2012இல் விவரித்தார்கள். இதற்கு ஹார்மோன் குணமில்லை. ஆனால் சர்க்கரையிலிருந்து பிறந்ததால் நீரை ஈர்க்கும் குறை கொஞ்சம் உண்டு. ஐசோசார்பைடு உடலமைப்பைத் தரட்டும், யூஜினாலோ கார்டனாலோ கிருமித்தடுப்பைத் தரட்டும் என்று இரண்டையும் சேர்க்கும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்ய வாய்ப்பிருக்கிறது.

மஞ்சளின் குர்குமினுக்கு வேறொரு திறமை உண்டு. நீல ஒளி பட்டால் அது வினைத்துடிப்புள்ள ஆக்சிஜனை உண்டாக்கிக் கிருமியைக் கொல்லும். பிசினை இறுக்கும் அதே விளக்கு இதற்கும் பயன்படும். முன்பல்லில் மஞ்சள் கறை படிவதை யார் ஏற்பார்கள் என்பதால், அடைப்புக்கு முன் குழியைச் சுத்தப்படுத்தும் கட்டத்தில்தான் அது அதிகம் சோதிக்கப்படுகிறது.

கொல்லாமல் அடக்குவது

நம் வாயில் சுமார் 700 வகை நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கற்றவை அல்லது உதவுபவை. சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்து மியூட்டன்ஸைக் கட்டுப்படுத்துகின்றன. கீரையில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி, இரத்த அழுத்தம் சீராக இருக்க உதவும் கிருமிகளும் நாக்கின் மேல்தான் வாழ்கின்றன. கண்டதையெல்லாம் கொல்லும் பொருளைப் பத்தாண்டு காலம் வாயில் வைத்திருப்பது நல்லதாகாது.

தாவர மூலக்கூறுகள் சிலவற்றின் சிறப்பு இங்கேதான். பச்சைத் தேயிலையின் பாலிஃபீனால்களும், தேனடைப் பிசினில் காணப்படும் அபிஜெனினும், மியூட்டன்ஸ் தன் குளூக்கான் பிசினைத் தயாரிக்கப் பயன்படுத்தும் நொதியை முடக்குகின்றன. கிருமி சாவதில்லை, பல்லில் ஒட்டிக் கூட்டமாகக் குடியேறும் வலிமையை மட்டும் இழக்கிறது. ஒட்ட முடியாத கிருமியை உமிழ்நீரே அடித்துக்கொண்டு போய்விடும். கிருமிகளின் சமநிலையைக் குலைக்காமல் சொத்தையைத் தடுக்கும் இந்த அணுகுமுறை, பாதுகாப்பான அடைப்பு என்ற சொல்லுக்கு முழுப் பொருள் தருகிறது.

செடியிலிருந்து வந்தால் மட்டும் போதாது

தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். முந்திரி ஓட்டு எண்ணெய் அதை உடைக்கும் பெண்களின் விரல்களை எரிப்பதும் இயற்கையின் வேலைதான். கிராம்பு எண்ணெயை நீர்க்காமல் ஈறில் வைத்தால் புண்ணாகும். யூஜினால் சிலருக்கு ஒவ்வாமையைத் தரும். கிருமியின் சவ்வைக் குலைக்கும் மூலக்கூறு, அளவு மீறினால் நம் செல்லின் சவ்வையும் குலைக்கும். அதைப் பாதுகாப்பாக்குவது துல்லியமான தூய்மையும், பிசினோடு கட்டப்பட்ட பிணைப்பும், விடாப்பிடியான சோதனையும்தான்.

அந்தச் சோதனைகள் கடுமையானவை. பன்னாட்டுத் தர அமைப்பின் 4049 என்ற தரப்படி, கடிக்கும் பரப்பில் போடப்படும் பிசின் குறைந்தது 80 மெகாபாஸ்கல் வளைவலிமை காட்ட வேண்டும். நீரில் ஊறவைத்து, எவ்வளவு உறிஞ்சுகிறது, எவ்வளவு கரைகிறது என்று அளப்பார்கள். சூடான காபிக்கும் ஐஸ்கிரீமுக்கும் பல் ஈடுகொடுப்பதைப் பிரதிபலிக்க, 5 டிகிரி நீருக்கும் 55 டிகிரி நீருக்கும் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான முறை அமிழ்த்துவார்கள். மனித செல்களோடு வளர்த்து நச்சுத்தன்மையைப் பார்ப்பார்கள். ஒற்றைக் கிருமி வளர்ந்த ஆய்வகத் தட்டில் வெற்றிபெற்ற பொருள், உமிழ்நீர்ப் புரதங்கள் படிந்து நூற்றுக்கணக்கான கிருமி வகைகள் கலந்து வாழும் உண்மையான வாயில் தோற்றுப்போவது உண்டு. கசியாமல் கட்டுண்ட மருந்துக்கும் இந்தக் குறை இருக்கிறது. இறந்த கிருமிகளும் புரதப் படலமும் மேலே மூடிக்கொண்டால் அது தொட்டுக் கொல்ல வழியில்லை. தாவர மூலக்கூறு கோக்கப்பட்ட பிசின்களில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வகக் கட்டத்தில்தான் நிற்கின்றன. பல ஆண்டுகள் நீளும் மருத்துவச் சோதனைகளைத் தாண்டிய பிறகே அவை நம் வாய்க்கு வர வேண்டும்.

ஆகவே, மூலிகை அடைப்பு, இயற்கை அடைப்பு என்ற விளம்பரம் வரும் நாளில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதில் உள்ள தாவரப் பொருள் பிசினோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா, கலந்து விடப்பட்டிருக்கிறதா? ஓராண்டு நீரில் ஊறிய பிறகும் இதன் வலுவும் கிருமித்தடுப்பும் மிஞ்சுகின்றனவா? மனிதர்களின் வாயில், சாதாரண அடைப்போடு ஒப்பிட்டு, சில ஆண்டுகளாவது சோதித்தார்களா? மூன்றுக்கும் ஆதாரத்தோடு பதில் வந்தால் அதை நம்பி வரவேற்கலாம். வராவிட்டால், செடியின் பெயரைச் சொல்லி விற்கும் இன்னொரு பிளாஸ்டிக் அது.

இந்தக் கேள்விகளுக்கு விடை காணும் வேலையில் நமக்கு நேரடிப் பங்கு இருக்க முடியும். கிராம்பு கன்னியாகுமரி மலைகளில் விளைகிறது. முந்திரி ஓடு பண்ருட்டியில் குவிகிறது. பல் மருத்துவக் கல்லூரிகளும் வேதியியல் ஆய்வகங்களும் இரண்டுக்கும் அருகிலேயே இருக்கின்றன. மூலப்பொருளைப் பீப்பாயில் அடைத்து அனுப்பிவிட்டு, அதிலிருந்து பிறந்த மருத்துவப் பொருளைப் பல மடங்கு விலைக்கு வாங்கும் நிலை இதில் வரக் கூடாது. பாதரசத்துக்கு முடிவுநாள் குறித்தாயிற்று. அதன் இடத்துக்கு வரும் பொருள் அரசு மருத்துவமனைக்கு வரும் குழந்தையின் பல்லுக்கும் எட்டும் விலையில் இருக்க வேண்டும். அந்தப் பல் மறுபடி அதே இடத்தில் சொத்தையாகாமல் காக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துத் தரும் ஆராய்ச்சிக்கே பொதுப்பணம் போக வேண்டும்.